ஒரிஜினல் மாதிரியே ஒரு கம்ப்யூட்டர்

கோபம் ஆறிய பிறகு எழுது என்றாள் என் தோழி. ஆறிவிட்டால் எதற்கு எழுதுவது? ஆகவே சூடாகவே எழுதுகிறேன். கொஞ்சம் ஊதிக் குடியுங்கள்.

பாலிகஞ்சில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பின்னறையில், ஞாயிறு காலைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வாரம் முழுக்க சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் ஆபீஸ், ஞாயிறானால் அ, ஆ, இ. பெங்காலியில் சண்டை போட்டு, இந்தியில் சமாதானமாகி, தமிழில் “பசிக்குது” மட்டும் சொல்கிற குழந்தைகள். என்னை அக்கா என்றோ டீச்சர் என்றோ கூப்பிட மாட்டார்கள். பெங்காலி அக்கா, அதாவது திதிதான்.

இந்த வகுப்புக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. யாரோ ஒரு மெம்பரின் ஆபீஸில் புது மெஷின்கள் வாங்கியபோது ஒதுக்கிய ஒன்று. ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அத்தனை வேகம்!

“பழைய கம்ப்யூட்டரை என்ன செய்யலாம்?” என்று சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் ஒரு வாசகி கேட்டிருந்தார் இல்லையா? அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நான் செய்தது இதுதான்.

கடிதம், விண்ணப்பம் அடிக்க அபிவேர்ட். கிழட்டு மெஷினிலும் மூச்சு வாங்காமல் ஓடும். படம் வரைய டக்ஸ் பெயின்ட். திரையில் ஒரு பென்குவின் நின்று கொண்டு குழந்தைகளை உற்சாகப்படுத்தும், அதைத் தமிழிலேயே பேச வைக்கலாம். ‘தூரிகை’ என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் என்னிடம் கற்கவில்லை, அந்தப் பென்குவினிடம் கற்றார்கள்! கடைசியாக ஆடாசிட்டி. மைக்கைச் செருகிப் பேசினால் குரலைப் பதிவு செய்யும். வெட்டலாம், ஒட்டலாம், ஒரு குரலின் மேல் இன்னொரு சத்தத்தை அடுக்கலாம்.

மூன்றும் இலவசம். திருட்டு இலவசம் இல்லை, எழுதியவர்களே மனமொப்பிக் கொடுத்த இலவசம். எப்படி எழுதினோம் என்பதையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பிடித்தால் திருத்து, பிறருக்குக் கொடு என்கிறார்கள். பெஹாலாவில் எங்கள் மாடிப்படிகளில் இது தினமும் நடப்பதுதான். கீழ் வீட்டு பௌதி, அதாவது பெங்காலி அண்ணி, பாயசம் கொடுத்த கிண்ணம் காலியாகவா திரும்பும்? அம்மா அதில் வடை வைத்துத்தான் அனுப்புவாள். ஓப்பன் சோர்ஸ் என்பது அந்தக் கிண்ணம்தான். உலகம் பூராவும் சுற்றுகிறது, அவ்வளவே.

இனி கோபத்துக்கு வருகிறேன்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஒரு நாடகம் போடுவதாக ஏற்பாடு. ஹௌராவிலிருந்து சென்னை போகும் ரயில் பெட்டிக்குள் நடக்கிற கதை. சன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் குடும்பம், தூங்கி வழியும் மாமா, டீ விற்பவர், டிக்கெட் பரிசோதகர். போன வருடம் ஒற்றை மைக்கைச் சுற்றிக் குழந்தைகள் முட்டி மோதியதில் ஒரு வசனம்கூடக் கடைசி வரிசைக்குப் போகவில்லை. அதனால் இந்த முறை குரல்களை முன்பே பதிவு செய்துவிடுவது, மேடையில் வாயசைத்து நடிப்பது.

பதிவு செய்தபோதுதான் ஓர் அதிசயம் நடந்தது. குழந்தைகள் தங்கள் தமிழைத் தாங்களே கேட்டார்கள்! “ஐயே, நான் ஷாம்பார்னா சொல்றேன்?” என்று ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் ஒரு வருடமாகத் திருத்தியும் திருந்தாத ‘ஷாம்பார்’, அன்று ஒரே மணி நேரத்தில் ‘சாம்பார்’ ஆனது. டிபன் பாக்ஸில் அரிசியைப் போட்டுக் குலுக்கி ரயில் சத்தம் செய்தோம். வாரக்கணக்கில் உழைத்தோம். விசில் ஊதி ரயில் கிளம்பத் தயாராக நின்றது.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு வகுப்புக்குப் போகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் செகரட்டரி சார். பேங்கில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் எல்லோருக்கும் அவர் மாமா. எனக்கு மட்டும் சிறு வயதிலிருந்தே சார். ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, அது அப்படித்தான். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தபன்-தா, தபன் அண்ணன். கம்ப்யூட்டர் மார்க்கெட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்.

“வாம்மா, வா. பாரு, மெஷின் எப்படி ஆயிடுச்சுன்னு!”

பார்த்தேன். பென்குவினைக் காணோம். ஆடாசிட்டியைக் காணோம். எங்கள் ரயிலைக் காணோம்.

“சார்... குழந்தைங்க பேசினது இதுலதானே இருந்துச்சு?”

“அதெல்லாம் ஃபார்மேட் பண்ணியாச்சு. ஃபுல் லோட் போட்டாச்சு. சீஃப் கெஸ்ட் வந்து கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்து வைக்கப் போறார். ஸ்க்ரீன்ல பென்குவின் நின்னா நல்லாவா இருக்கும்?”

ஆமாம், சென்டர். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ஆட்டம் காணும் ஸ்டூல், வாசலில் ஒரு ரிப்பன்.

ஃபுல் லோட் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மெஷினைத் துடைத்துவிட்டு, பணம் கொடுத்து வாங்க வேண்டிய சாஃப்ட்வேர் அத்தனையையும் ஒரு திருட்டு சிடியிலிருந்து ஏற்றித் தருவது. கட்டிடங்களுக்கு வரைபடம் போடும் சாஃப்ட்வேர்கூட உண்டு. அ, ஆ, இ படிக்கும் குழந்தைகளுக்கு வரைபடம்!

“ஷோப் ஆச்சே திதி,” என்றார் தபன்-தா பெருமையாக. எல்லாம் இருக்கிறதாம்.

“ஒரிஜினலா?” என்றேன்.

அவர் சிரித்தார். “ஒரிஜினலேர் மொதோய்!”

ஒரிஜினல் மாதிரியே! தபன்-தாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தார், கேட்டதைச் செய்தார், பொய்யும் சொல்லவில்லை. நான் செகரட்டரி சாரிடம் திரும்பினேன். அழித்துவிட்டீர்களே என்றேன். நான் போட்டிருந்தவை சட்டப்படியே இலவசம் என்றேன்.

“அதான் சொல்றேன். சும்மா கிடைக்கிறதுல என்னம்மா இருக்கும்? வைரஸ்தான் இருக்கும். உங்களுக்கெல்லாம் சும்மா கிடைச்சா போதும். சங்கத்துக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, இல்லையா?”

‘உங்களுக்கெல்லாம்.’

அந்த ‘எல்லாம்’ யார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்க இந்த ஊருக்கு வந்தவர். அவருக்கும் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சீனியர்கள் சும்மா கொடுத்த புத்தகங்களில் படித்தேன். தமிழ் எழுதப் படிக்கக் கற்றதும் இதே பின்னறையில், இதே ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், சும்மாதான். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் தமிழ் அங்கே கிடைத்தது. அதில் என்ன வைரஸ் இருக்கிறது, சொல்லுங்கள்?

இதில் எனக்கு வெட்கம் இல்லை. கொடுத்தவர்கள் மனமறிந்து கொடுத்தார்கள், நான் தலை நிமிர்ந்து வாங்கினேன். நன்றாகவும் படித்தேன். வெட்கப்பட வேண்டியவர்கள் யார்? மனமொப்பிக் கொடுத்ததை மட்டம் என்று தள்ளிவிட்டு, திருடியதை ஸ்டாண்டர்ட் என்று திறப்பு விழா நடத்துகிறவர்கள் இல்லையா?

இது ஒரு செகரட்டரி சாரின் வியாதி என்று நினைக்காதீர்கள். என் ஆபீஸிலேயே பார்க்கிறேன். படித்தவர்கள், கை நிறையச் சம்பாதிப்பவர்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் ஒன்றுகூட இருக்காது. ஆனால் இலவசமாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், “அதெல்லாம் சரிப்படுமா?” என்று மூக்கைச் சுளிப்பார்கள். விலை போட்ட பொருளைத் திருடினால் விலையின் மதிப்பும் நம்மோடு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அழைப்பில்லாமல் நுழைந்து சாப்பிட்டுவிட்டு, நம்மை அழைத்த வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வது மாதிரி.

சரி, நாடகம்?

அன்று பின்னறையில் குழந்தைகள் என் முகத்தையே பார்த்தார்கள். “திதி, ரயில் போயிடுச்சா?” என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். பாவிகளா என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த சிடிகள் ஞாபகம் வந்தன.

போன மாதம் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிடி கொடுத்திருந்தேன். அந்த மூன்று சாஃப்ட்வேரும், அவரவர் குரலும், அவரவர் எழுப்பிய சத்தமும் அதில் இருக்கும். வீட்டில் போட்டுக் கேளுங்கள், வசனம் மனப்பாடமாகட்டும் என்று. திருட்டு சாஃப்ட்வேராக இருந்தால் இப்படி வீடு வீடாகக் கொடுக்க எனக்குக் கை வந்திருக்குமா? கொடுக்கலாம் என்று எழுதியவர்களே சொல்லியிருந்தார்கள். கொடுத்தேன்.

ஒவ்வொரு வீடாக போன் போட்டேன்.

“சிடியா? டிவி மேலயே இருக்கு கண்ணு,” என்றார் டீ விற்பவரின் அம்மா. “ஒரு விஷயம், கோவிச்சுக்காதே. என் பையன் தமிழ் பேசுறதை எங்க அண்ணன் நம்பவே இல்ல. அதான் அந்த சிடியை ஒரு காப்பி போட்டு மதுரைக்கு அனுப்பிட்டேன். தப்பில்லையே?”

“தப்பா? அதுக்குத்தாங்க அந்த சாஃப்ட்வேரே!”

சன்னலோர சீட்டு கிடைத்தது. தூங்கும் மாமாவின் குறட்டை கிடைத்தது. அரிசி ரயில் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெட்டியாக வந்து ரயில் மறுபடி கோத்துக்கொண்டது. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அடுக்கி ஒட்டினேன்.

ஒரே ஒரு குரல் மட்டும் வரவில்லை. டிக்கெட் பரிசோதகர். நடிப்பவள் மிட்டு. செகரட்டரி சாரின் பேத்தி.

“எங்க தாத்தா அந்த சிடியை குப்பையில போட்டுட்டாரு திதி,” என்றாள் போனில். “வைரஸ் இருக்கும்னு. நான் அழுதேன். அப்பவும் கேக்கல.”

“பரவாயில்லடா. நாளைக்கு எங்க வீட்டுக்கு வா, இன்னொரு தடவை ரெக்கார்ட் பண்ணிடலாம்.”

“வேண்டாம். நான் மேடையில நேராவே பேசிடுறேன்.”

“எல்லாரும் வாயசைப்பாங்க மிட்டு. நீ மட்டும் பேசினா... மறந்துட்டா?”

“மறக்க மாட்டேன். என் குரலை யாரும் டிலீட் பண்ண வேண்டாம்.”



விழா நாள். ரிப்பன் வெட்டினார்கள். சீஃப் கெஸ்ட் மௌஸை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு “வெரி குட்” என்றார். செகரட்டரி சார் மைக்கைப் பிடித்து, “நமது கம்ப்யூட்டர் சென்டருக்குத் தேவையான அனைத்து சாஃப்ட்வேர்களையும் நிறுவித் தந்த தபன் அவர்களுக்கு” என்று சால்வை போர்த்தினார். தபன்-தா நெளிந்துகொண்டே வாங்கிக்கொண்டார். நான் கை தட்டினேன். சால்வையாவது கடையில் வாங்கியதுதானே!

பிறகு ரயில் கிளம்பியது. அரிசி குலுங்கியது, விசில் ஊதியது. கடைசி வரிசைக்கும் கேட்டது. கறுப்பு கோட்டில் மிட்டு பெட்டிக்குள் வந்தாள். அவள் முறை. ஸ்பீக்கரில் அமைதி. அவளுக்கு ஒரு வினாடி தடுமாறியது. மேடையின் ஓரத்தில் நான் உதட்டை அசைத்து முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே முதல் வரிசையைப் பார்த்தாள். அங்கே அவள் தாத்தா.

“டிக்கெட் கொய்? டிக்கெட் எங்கே?” என்றாள், இடுப்பில் கை வைத்து. “காசு குடுக்காம ஏறிட்டு, கால் மேல கால் வேற போட்டு உக்காந்திருக்கீங்களா? எந்திரிங்க!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சீஃப் கெஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செகரட்டரி சார் மட்டும், போட்டிருந்த காலை மெதுவாக இறக்கினார்.

விழா முடிந்து மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றார்.

“அந்த டி.டி.ஆர் டயலாக்... நீ எழுதினதா?”

“ஆமா சார். ‘டிக்கெட் கொய்’ மட்டும் மிட்டுவோடது.”

“எப்போ எழுதினே?”

“அது ஆச்சு சார் ரெண்டு மாசம். நீங்க ஃபுல் லோட் போடுறதுக்கு முன்னாடியே.”

அவர் வாசல் பக்கம் நடந்தார். மன்னிப்பு கேட்கவில்லை, எதிர்பார்த்தால் என் முட்டாள்தனம். பின்னறையில் அந்த கம்ப்யூட்டர் இன்னும் ‘ஷோப் ஆச்சே’ நிலையில்தான் இருக்கிறது. நானும் விடுவதாக இல்லை. இந்த ஞாயிறு பென்குவினோடு மறுபடி போகிறேன். வழியில் யாராவது மறித்தால், மிட்டுவை முன்னால் அனுப்புவேன்.

அவளிடம் இப்போது இரண்டு சிடி இருக்கிறது. ஒன்று, தாத்தாவுக்கு எட்டாத உயரத்தில்!