நடக்க மறுத்த சிறுமிக்காக ஒரு குற்றால நடை

மூன்று மாதமாக ஒரு கோடு உருப்படியாக விழவில்லை. பள்ளிக்கு நடந்து போகும் ஒரு சிறுமியின் கதைக்குப் படம் போட ஒப்புக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு படம் அனுப்பினேன். "எல்லாத்துலயும் பிள்ளை நிக்கிற மாதிரியே இருக்கே" என்றார் பதிப்பாசிரியர். திங்கட்கிழமைக்குள் ஒன்றாவது சரியாக வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். நடப்பவர்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. நடந்தால்தான் கை ஓடும் என்று ஓவிய நண்பர்கள் சொல்லிச் சொல்லிக் காதும் புளித்துவிட்டது. ஜூலை மாதச் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன்.

பத்தரைக்குத் தென்காசி. குற்றாலம் அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. நான் நடந்தேன். நடந்தேன் என்பதுகூடப் பொய்தான். கைபேசியில் அடிகளை எண்ணிக்கொண்டு விரட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, ஏதாவது வருகிறதா என்று நோட்டைத் திறப்பேன். வராது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

நன்னகரம் பக்கம் ஒரு பெண் என்னோடு சேர்ந்துகொண்டார். பெயர் செய்யதலி பாத்திமா. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கிற வேலை, பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம்.

"என்னக்கா, ரெண்டு எட்டுக்கு ஒருக்க நின்னு நோட்டைப் பாக்கிய. பெறவு ஓடுதிய. பஸ்ஸு சும்மாதான வருது, ஏறலாம்லா?"

"நீங்க ஏறலையே?"

"ஏறுனா வீட்டுச் சண்டையும் கூட ஏறிருது. நடந்தா மேலகரம் தாண்டுததுக்குள்ள எறங்கிரும். நோட்டைப் பைல வைங்க, சாரல்ல நனையுது."

வைத்தேன். அவருடைய நடைக்கு என் நடையை இறக்க ஒரு கிலோமீட்டர் ஆனது. மாமியாரைப் பற்றிப் பேசினார். நான் படத்தைப் பற்றிப் புலம்பினேன். அடி எண்ணுவது எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை.

குற்றாலத்தில் அவர் வேலைக்குப் போய்விட்டார். மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்தவர்கள் எண்ணெயோடு நின்று போலீஸ்காரரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் செய்ய ஒன்றுமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாத்திமாவின் நடையைக் கிறுக்கினேன். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் அதற்குப் பிறகுதான் வருகிறது. நான் இத்தனை நாளும் காலிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன், மடச்சி. அதே சாய்வில் சிறுமியை வரைந்தேன். அவள் நடந்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

படமெடுத்து அனுப்பினேன். பதில் இரண்டரைக்கு வந்தது: திங்கள்வரை பொறுக்க முடியவில்லை, நேற்றே வேறொருவரிடம் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும்.

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் இந்த ரோட்டில் நடப்பதானால், நடைபாதையை நம்பாதீர்கள். எதிரே வரும் வண்டி தெரிகிற பக்கமாகப் போங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வழுக்காத செருப்பு போடுங்கள். சீசனில் அருவி எந்த நேரமும் மூடலாம், அதை மட்டும் நம்பி வராதீர்கள். வரைகிறவர்கள் நோட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, போய்ச் சேரும்வரை அவிழ்க்காதீர்கள்.

திரும்பும்போது காலியான பஸ் வந்தது. கையைக் காட்டவில்லை, நடந்தேன். தென்காசி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அதே சிறுமியை இன்னும் மூன்று முறை வரைந்தேன், யாரும் கேட்காமலே.