மேல்வீட்டு ஓவியர்

நிக்டி என்ற புறநகரில் எங்கள் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, குடியிருப்போர் சங்கச் செயலாளரான என் கையெழுத்து வேண்டும். மேல்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரருக்கு மட்டும் அதை நிறுத்தி வைத்திருந்தேன். தாடி, மை படிந்த விரல்கள், பகலெல்லாம் வீட்டிலேயே இருப்பு. பேசுகிறவரை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும் பழக்கம் வேறு.

"வேலைன்னு சொல்றீங்க, அத்தாட்சி எங்கே?" என்று மாடியேறிப் போய்க் கேட்டேன்.

"பேப்பருக்கும் குழந்தைங்க புத்தகத்துக்கும் படம் போடறனுங்க சார்" என்று சமீபத்திய படங்களைப் பரப்பினார்.

செய்தித்தாள் படத்தில் ஓர் அதிகாரி, மனுவோடு நிற்பவரைப் பார்க்காமல் பல் குத்திக்கொண்டிருந்தார். குழந்தைகள் புத்தகத்தில் ஒரு கரடி, நனைந்த அணிலுக்குக் குடை பிடித்தது. இரண்டுக்கும் ஒரே தொப்பை. நெற்றியில் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. என் கை தானாக என் நெற்றிக்குப் போனது.

"யார் இது?"

"பக்கத்துல இருக்கறவங்களப் பாத்துத்தானுங்க வரைய வரும். கோவிச்சுக்காதீங்க."

"எதை முதல்ல வரைஞ்சீங்க?"

"ஞாபகம் இல்லீங்களே" என்று ஒற்றைக் கண்ணை மூடினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதிகாரி முதலில் என்றால், என்னைப் பற்றி அவர் எண்ணம் மாறியிருக்கிறது. கரடி முதலில் என்றாலும் மாறித்தான் இருக்கிறது. ஞாபகம் இல்லை என்றதை மட்டும் நான் இன்றும் நம்பவில்லை.