பெரிய வெள்ளியில் பனிமலை

1986 மார்ச் 28, பெரிய வெள்ளி. டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத் துணி ஆலையில் என்னோடு வேலை செய்த அந்தோனி அண்ணையும் நானும் விடுமுறைக்கு நோர்வே போய், பனிச்சறுக்குக் கட்டைகளோடு மலையேறினோம். ஒருசந்தி நோன்பு என்பதால் நான் ஒன்றும் சாப்பிடவில்லை; அதை அவரிடம் சொல்லவுமில்லை.

காலையில் வெயில். மதியம் பனிப்புயல் பிடித்தது. கால்கள் விறைத்து, பிறகு வலியும் நின்றுவிட, பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“குளிருதோ?”

“இல்லையண்ணை, இப்ப சுகமாய் இருக்கு. நீங்கள் போங்கோ, பிறகு வாறன்.”

“விறைச்சுச் சாகிறவனும் உப்பிடித்தான் சொல்லுவான். சாப்பிட்டனியோ?”

“ஒருசந்தி.”

“ஆண்டவர் மூண்டாம் நாள் உயிர்த்தவர். நீ உயிர்க்கமாட்டாய். தின்னடா.”

சொக்கிளேற்றை வாயில் திணித்து, என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். எனக்குப் பயம்கூட வரவில்லை.

இடது கால் சின்ன விரலில் இன்னும் உணர்வில்லை. இப்போதும் ஒருசந்தி இருக்கிறேன், வீட்டில். மலையில் யாராவது குளிரவில்லை என்றால், சாப்பிட்டாரா என்று முதலில் கேட்கிறேன்.