மாமியார் சொன்ன கேஸ் ஹிஸ்டரி

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனேன். வார்டில் நான் வாயைத் திறந்ததே கம்மி.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற பெண் ஒருத்தி வயிற்றுவலி, மயக்கம் என்று அட்மிட் ஆனாள். காலையில் ஆறு ஸ்டூடன்ட்ஸ் கட்டிலைச் சுற்றி நின்று ஹிஸ்டரி எடுத்தார்கள். கேள்வி அவளுக்கு, பதில் சொன்னது தலைமாட்டில் நின்ற மாமியார். நாள் தள்ளிப் போச்சா என்றதற்கும், "அதெல்லாம் மாசா மாசம் கரெக்டா ஆயிடுது. அவளுக்கு இன்னா தெரியும், நான் சொல்றேன் எழுதிக்கோ நைனா" என்றாள். எழுதிக்கொண்டார்கள்.

மாமியார் பாத்ரூம் போன நேரத்தில் பெட்ஷீட் மாற்றப் போனேன். ரத்தம் பட்டிருந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் தள்ளிப்போச்சாம், கலைக்க மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டாளாம். ரெண்டு பொண்ணு இருக்கு, மூணாவது ஆம்பளைப் பிள்ளை வேணும்னு காத்திருக்கிற வீடு. அத்தைக்குத் தெரிந்தால் வீட்டில் வைக்க மாட்டார்கள் என்று அழுதாள்.

மாமியார் திரும்பிய கையோடு சீஃப் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். ஸ்டூடன்ட் பையன் ஒருவன் எழுதியதை வாசித்தான். பீரியட்ஸ் ரெகுலர். விவரம் சொன்னவர் யார் என்று அதில் ஒரு வரி உண்டு. மாமியார், நம்பலாம் என்று எழுதியிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துக்கொண்டே போகிறது, ஆறு பேரும் பேப்பரைப் பார்க்கிறார்கள்.

அவள் ரகசியத்தை நான் எப்படி உடைப்பது? ஃபிளாஸ்கை மாமியார் கையில் கொடுத்து, கேன்டீனில் சுடுதண்ணி தீர்ந்துவிடும், ஓடிப் போய்ப் பிடித்து வா என்று அனுப்பினேன். அப்புறம் சொன்னேன்: "டாக்டரம்மா, இப்ப அந்தப் பொண்ணைக் கேளுங்க."

"ஆயாம்மா, ரவுண்ட்ஸ் நடக்குது" என்றான் பையன்.

டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து அவளைக் கேட்டார். அவள் எல்லாம் சொன்னாள். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருந்தது. ஃபிளாஸ்கோடு மாமியார் திரும்புவதற்குள் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள்.

மறுநாள் அந்தப் பையன் சொல்கிறான், பேஷன்ட் எங்ககிட்ட மறைச்சிட்டாங்க என்று. மறைத்தாளாம்! அவளைத் தனியாக யார் கேட்டது? இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் ஸ்டூடன்ட்ஸ் கட்டில் பக்கம் வந்தாலே, கூட நிற்பவர் கையில் ஃபிளாஸ்கைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது நான் அங்கே இல்லை. இனி நீங்களே கொடுத்தனுப்புங்கள்.