நுங்கம்பாக்கத்தில் வீடு கிடைத்த கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எனக்கு மெட்ராஸில் மத்திய அரசு வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்த அப்பாவுக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஆபீசுக்குப் பக்கத்துல பத்திரமான வீடு கெடச்சா அம்மாவக் கூட்டிட்டுப் போ. இல்லையா, வேலை வேண்டாம்னு எழுதிப் போட்டுரு." ஹாஸ்டல் பேச்சையே எடுக்கவிடவில்லை.

ஆபீஸ் இருந்ததோ நுங்கம்பாக்கத்தில். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீட்டுக்கே என் சம்பளத்தில் பாதி போய்விடும். போனால் போகிறது என்று கேட்டாலும், ஆண்துணை இல்லாத வீட்டுக்குத் தர மாட்டோம் என்று கையை விரித்தார்கள். நானும் அப்பாவும் தெருத்தெருவாக அலைந்து கடைசியாகப் பார்த்தது ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் நாமம் இட்ட பெரியவர். எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விலாசத்தை வாங்கிக்கொண்டு, "சொல்லி அனுப்பறேன்" என்றார். இதுவும் போச்சு என்று அழுகையை அடக்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. அப்பா, "எழுதிப் போட்டுருவமா?" என்று கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் எதிர்த்த மளிகைக்கடைக்கு போன் வந்தது. வீடு எங்களுக்குத்தானாம்!

குடிபோனோம். நின்றபடியே பாத்திரம் கழுவுகிற அதிசயத்தில் அம்மா பூரித்துப்போனாள். எனக்குத்தான் மண்டையைக் குடைந்தது. எத்தனையோ பேர் கேட்ட வீட்டை எங்களுக்கு ஏன் கொடுத்தார்? போதாக்குறைக்கு, வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம், "கல்யாணச் சாப்பாடு எப்போம்மா?" என்று கேட்டுவிட்டுத் தனக்குள்ளேயே சிரிப்பார். அவருக்குக் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறானோ என்று அம்மா ரகசியமாக விசாரித்தாள். அப்படி யாருமில்லை.

ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை என்னை மறித்தார். அப்பா ஒரு நாள் அவர்கள் முருங்கைக் கிளையை வெட்டிவிட்டதிலிருந்து, வருஷக்கணக்காக எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

"ஏட்டி, அந்த மெட்ராஸ் சம்பந்தம் என்னாச்சு?"

"எந்தச் சம்பந்தம் அத்த?" என்றேன்.

"நீங்க ராஜபாளையத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப நாமம் போட்ட பெரியவர் ஒருத்தர் வந்தாரே! ஆண்டாளச் சேவிக்க வந்தாராம். உங்க வீட்டப் பத்தித் துருவித் துருவிக் கேட்டாரு. எனக்கும் அவியளுக்கும் பேச்சு கெடையாது, ஆனா பிள்ளை தங்கம்னேன். வீட்டக் கண்ணாடியா வச்சிருக்கும், சமையல்ல கெட்டி, குரலே வெளிய கேக்காதுன்னேன்."

எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். என் குரல் தெருமுனை வரை கேட்கும்.

வந்தவர் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, வீட்டுக்காரர் என்று சொன்னேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி மக்கா, ஒரு வாடகை வீட்டுக்கா இம்புட்டுப் பொய் சொன்னேன்!"

"எங்க மேல கோவமா இருந்துக்கிட்டு ஏன் அத்த அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"கோவம் உங்க அப்பன் மேல. அது இப்பவும் இருக்கு. அதுக்காக ஒரு பொம்பளப் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுவனா?"

என் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

மெட்ராஸ் திரும்பியதும் வீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வேண்டியவா நல்லபடியாத்தான் சொல்லுவா. பேச்சுவார்த்தை இல்லாதவாளே சொன்னப்புறம் வேற என்ன விசாரிக்கணும்?"

முருங்கைச் சண்டை கடைசிவரை தீரவில்லை. ஆனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத யாரையாவது பார்த்தால், நான் இல்லாத இடத்தில் இவர் எனக்காக என்ன நல்லது சொல்லி வைத்திருக்கிறாரோ என்று யோசிக்கும் புத்தி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.