மட்கார்டில் விழுந்த ஒரு தட்டு

மதிப்பிற்குரிய ஐயா, படிப்பவர் பெண்மணியாக இருப்பின் அம்மா, முதற்கண் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனையூரில் என் மகள் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருந்து வருகிறேன். காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். வாளிகளைக் கொட்டி முடித்ததும் பின்னால் நிற்கும் அம்மாள் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவார், வண்டி நகரும். அடுத்த வாசலில் ஒரு தட்டு, வண்டி நிற்கும். இதில் அஞ்சுவதற்கு யாதொன்றும் இல்லை. ஆயினும் அந்த ஓசை கேட்டவுடன் என் கை தானாகக் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிடுகிறது. வண்டி தெருமுனை திரும்பும் வரை நெஞ்சு ஒரு நிலையில் இருப்பதில்லை. "அப்பா, வண்டி போயிருச்சு, காப்பியக் குடிங்க" என்பாள் மகள். எனக்கு இரத்த அழுத்தம் என்பது அவள் முடிவு. மறுத்துச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டிவரும் என்பதால், அவள் தரும் மாத்திரையை நானும் விழுங்கி வருகிறேன்.

காரணத்தை இன்று தங்களிடம் சொல்லப் போகிறேன்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் நான் டிராக்டர் ஓட்டியவன். வண்டி முதலாளியுடையது, அதன் இருக்கை மட்டும் என்னுடையது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என் தகப்பனார் ஆயுள் முழுவதும் பிறர் நிலத்தில் பிறர் மாட்டின் பின்னால் நடந்தவர். எங்கள் தெருவிலிருந்து தரைக்கு மேலே நாலடி உயரத்தில் அமர்ந்து வேலைக்குப் போன முதல் ஆள் நானே. அந்த நாலடி உயரத்தில் தலை சற்றுக் கனத்துத்தான் போயிற்று. நடந்து வருகிறவர்களைக் கண்டால் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பேன்.

அந்தப் பழைய வண்டிக்கு உச்சி முதல் அடி வரை இரும்புத் தகரம். மழையில் நனைந்து வெயிலில் காயும்போது துருவும் டீசலும் கலந்து ஒரு வாடை எழும். இன்றும் பழைய இரும்புக் கடையைக் கடந்தால் அந்த வாடை என்னை நிறுத்தி வைத்துவிடுகிறது. முன்பக்கம் பானெட்டின் மேல் தூக்குவாளியை வைத்தால் மதியம் வரை குழம்பு சூடு ஆறாது. சக்கரத்தை மூடிய மட்கார்டில் கோணிச்சாக்கை மடித்துப் போடாமல் சித்திரையில் உட்கார்ந்தவர் மறுமுறை உட்கார மாட்டார். முட்டினால் நெளியும், நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தினாலும் தழும்பு இருக்கும். ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை உண்டு. பெரும்பாலான கதைகளில் குற்றவாளி நானாகவே இருப்பதால் அவற்றைத் தவிர்த்து மேலே செல்கிறேன்.

தகரத்தின் பெரும் பயன் வேறு. இன்ஜின் இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது. ஆகவே டவுன்பஸ் கண்டக்டரின் விசில் முறையை நாங்கள் கையால் செய்துகொண்டோம். மட்கார்டில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. டிரெய்லர் மாட்டும்போது இந்த முறை இல்லாமல் வேலையே நடவாது. நான் வண்டியைப் பின்னுக்கு எடுப்பேன். பின்னால் ஒருவர் குனிந்து டிரெய்லரின் முன்கம்பியைத் தூக்கிப் பிடித்து, வண்டியின் கொக்கியோடு சேர்ந்ததும் இரண்டையும் பூட்டும் இரும்புப் பின்னைச் சொருகுவார். குனிந்த தலை ஓட்டுபவன் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு மனித உடல் இருக்கிறது என்பதற்கு அந்தக் கையோசை ஒன்றே சாட்சி.

எனக்குப் பின்னால் அவ்வாறு குனிந்து நின்றவர் முத்திருளன். என் தங்கை பேச்சியின் கணவர்; எனக்கு மாப்பிள்ளை முறை. பேச்சு மிகுந்தவர், கைச்சுத்தமானவர். அவர் தட்டினால் சுத்தியல் விழுந்தாற்போல் விழும். "மச்சான், ஒங்க காதுக்காகத் தட்டல, தகரத்துக்கு முதுகு அரிக்குதாம்" என்பார்.

பிறகு முதலாளி புது வண்டி எடுத்தார். பானெட்டும், மட்கார்டின் மேல்மூடியும், விளக்கைச் சுற்றிய பகுதியும் பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, நெளியாது, வெயிலில் தொடை வேகாது என்று முதலாளி எல்லாரையும் அழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் சொன்னவை யாவும் உண்மை என்பதை நடுநிலையோடு இங்கே பதிவு செய்கிறேன். பார்வைக்குக் கார் போலிருந்தது. நானும் மூன்று நாள் அந்த ஊரிலேயே பெரிய மனிதனாகத் திரிந்தேன்.

ஒன்று மட்டும் முதல் நாளே இடித்தது. பழைய வண்டியின் பானெட்டில் காந்தம் வைத்த கருப்பசாமி படம் ஒன்று ஒட்டியிருக்கும். அதை எடுத்துப் புது வண்டியில் வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடியும் வைத்தேன், மறுபடியும் விழுந்தது. பிளாஸ்டிக்கில் காந்தம் ஒட்டாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை.

"சாமிக்குப் புது வண்டி புடிக்கல போல மச்சான். எறங்கி நடந்து வாரேங்குது" என்றார் முத்திருளன்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு மாப்ள" என்று சொல்லி, டேப் வைத்து ஒட்டினேன்.

மூன்றாம் நாள். பங்குனி மாதம், உச்சிப்பொழுது. காய்ந்த பருத்திச் செடியாகிய பருத்திமார் ஏற்றிய டிரெய்லர் காட்டோரம் நின்றது. டிரெய்லர் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல் போட வேண்டும். அன்று முத்திருளன் போட மறந்தார். நானும் கேட்க மறந்தேன். அவர் குனிந்தார். 'தட் தட்' என்று கேட்டது. மெல்லப் பின்னுக்கு எடுத்தேன். கொக்கி நெருங்கியிருக்கும் என்று நான் கணக்கிட்டிருந்த வேளையில் மீண்டும் 'தட் தட்'. இன்னும் இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளச்சை விட்டேன்.

இன்ஜின் ஒருமுறை முக்கியது. சக்கரம் மண்கட்டியில் ஏறியிருக்கும் என்று நினைத்தேன். ஐயா, அப்படி நினைத்த அந்த ஒரு கணத்தை நான் இத்தனை ஆண்டுகளாகத் தினமும் திருப்பிப் பார்த்து வருகிறேன். பிறகு மட்கார்டில் எண்ணிக்கையின்றி மழைபோல் தட்டுகள் விழுந்தன. கிளச்சை மிதித்தேன். பெடல் நழுவப் பார்த்தது. இரு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பார்க்காமலேயே, "மாப்ள, இருக்கியா?" என்று கேட்டேன்.

"முன்னால எடுங்க மச்சான்" என்றது ஒரு குரல். மெதுவான, மரியாதையான குரல். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இடுப்பெலும்பு விரிசல் விட்டிருந்தது. கல் போட்டிருந்தால் டிரெய்லர் அசைந்திராது, அவர் நசுங்கியிருப்பார். போட மறந்த கல்லினால் அது ஒரு முழம் பின்னே உருண்டு அவரைக் காத்தது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மருத்துவமனையின் நீண்ட வராந்தாவில் பேச்சி என் எதிரே வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு ஒரு தட்டுதான் தட்டுனேங்கறாரு. நீ எத்தனை கேட்ட?"

"ரெண்டு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது இரண்டு. "வலில ஒளறுறாரு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கட்டிய கணவர் வார்த்தைக்கு மேலாக உடன்பிறந்தவன் வார்த்தையை அவள் எடுத்துக்கொண்டாள்.

ஊரும் எடுத்துக்கொண்டது. கல் போடாததையும் சேர்த்துக்கொண்டது. கவனம் கெட்டவன், கையால் 'வா' என்று தானே கூப்பிட்டு மாட்டிக்கொண்டான் என்று தீர்ப்பாயிற்று.

ஒன்பதாம் நாள் நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மட்கார்டில் மாட்டு ஈ ஒன்று வந்து அமர்ந்தது. ஓங்கி அடித்தேன், ஒரே அடி. காதில் விழுந்தது இரண்டு.

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். மறுபடி தட்டினேன். மேல்மூடியைப் பிடிக்கும் கிளிப் ஒன்று தளர்ந்திருந்தது. கை பட்டதும் பிளாஸ்டிக் அமுங்கி ஒரு சத்தம்; எழும்பி அடியிலிருக்கும் இரும்புச் சட்டத்தில் மோதி மறு சத்தம். இரண்டு தட்டினால் நான்காகக் குழம்பி, காதுக்கு இரண்டாகவே பட்டது. பழைய தகரம் கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தந்தது. இது 'நில்' என்று வாங்கி 'வா' என்று கொடுத்தது.

முதலாளியிடம் ஓடிச் சொன்னேன். அவரும் வந்து தட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கெட்ட மனிதர் அல்லர். மருத்துவச் செலவை அவரே பார்த்தார்.

"கிளிப்ப மாத்திருவோம். ஆனா இத வெளிய சொல்லாதப்பா. வண்டி வந்த மூணாம் நாளே காவு கேட்டுச்சும்பாங்க. ஒருத்தன் உழவுக்குக் கூப்பிட மாட்டான். வண்டி நின்டுச்சுன்னா நீயும் எறங்க வேண்டியதுதான்."

இறங்க வேண்டியதுதான். அந்தச் சொல் எனக்குப் போதுமானதாயிற்று. என் தகப்பனார் நடந்த தரை கண்ணில் தெரிந்தது. கிளிப்பை மாற்றினார்கள். பழைய கிளிப்பை நான் வாய்க்காலில் எறிந்தேன். அது தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பாயிருந்தால் மூழ்கியிருக்கும்.

முத்திருளன் பிழைத்தெழுந்தார். இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். ஊர் அவருக்கு 'ரெண்டுதட்டு' என்று பெயர் வைத்தது. டீக்கடைக்காரர் அவர் வருவதைக் கண்டால் பாய்லரில் கரண்டியால் இரண்டு முறை தட்டுவார். "ரெண்டுதட்டு அண்ணே வாராரு, பெஞ்சப் பின்னால எடுக்காதீங்கப்பா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். தொடக்கத்தில் அவர், "ஒண்ணுதான்டா தட்டுனேன்" என்று சண்டைக்குப் போனார். பிறகு சிரிக்கப் பழகினார். அவர் சிரிக்கும்போது நான் டீயை ஊதிக்கொண்டிருப்பேன். ஆறிய டீயையும் ஊதியிருக்கிறேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள், திருமங்கலம் பஸ் நிலையத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். அப்போது நான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். இழக்க எதுவும் இல்லை. துணிந்து தொடங்கினேன். "மாப்ள, அன்னைக்கு அந்தத் தட்டு..."

"விடுங்க மச்சான்" என்றார். "ஊரே இம்புட்டு வருசமாச் சொல்லுது. எனக்கே இப்ப ரெண்டுதான் தட்டுனேனோன்னு இருக்கு."

அவர் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே சிக்கியதைவிட அந்தச் சொல்லுக்குத்தான் நான் அதிகம் அஞ்சினேன். அவர் கையே அவருக்குச் சாட்சியாக இல்லாமற் போயிற்று. அதை அழித்தவன் பக்கத்தில் நின்று, பயணப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சொல்ல வாய் திறந்தேன். பஸ் வந்தது. அவர் சாய்ந்து சாய்ந்து ஓடி எனக்கும் சேர்த்து இடம் பிடித்தார்.

போன தை மாதம் அவர் மறைந்தார். நெஞ்சுவலி, அரை நாளில் முடிந்தது. சுவரொட்டியில் அடைமொழியாக அந்தப் பெயரையே போட்டிருந்தார்கள், பாசத்தோடு.

தகர வண்டி உடைக்கப்பட்டு எங்கோ போயிற்று. பிளாஸ்டிக் வண்டியும் கைமாறிவிட்டது. இப்போதைய டிராக்டர்கள் பின்னுக்கு வந்தால் தாமே கூவுகின்றன என்கிறார்கள்; எவரும் எதையும் தட்டுவதில்லை. நில் என்றால் நில் என்றே கேட்ட அந்த ஓசை, எனக்குத் தெரிந்து, இந்தக் குப்பை வண்டியில்தான் மீதியிருக்கிறது. அதையும் மாற்றப் போவதாகத் தெருவில் பேச்சு.

வரும் ஞாயிறு பேச்சியைப் பார்க்கப் போகிறேன். சொல்லிவிட வேண்டும் என்பதே எண்ணம். ஆனால் என் நாவை எனக்குத் தெரியும். அது இதற்கு முன்பும் பஸ் வந்ததைச் சாக்காக வைத்து அடங்கியிருக்கிறது. அவள் முகத்தைக் கண்டதும் மறுபடி அடங்கிவிடுமோ என்ற நடுக்கத்தில்தான் இதை முதலில் எழுதினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படித்துச் சொல்ல அவள் வீட்டில் ஆள் உண்டு.

ஆகவே, நான் சொல்லாமலே திரும்பிவிட்டால் அவளிடம் சேர்ப்பதற்காக, இந்தத் தாளைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன். அன்று முத்திருளன் நிற்கச் சொல்லித் தட்டியது ஒரு தட்டு.