மழையா என்று கேட்ட குரல்

நகரியில் எங்கள் பவர்லூம் கொட்டகையில் அப்பா, எங்கள் நைனா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஆம்புலன்ஸுக்கு போன் செய்தவள் நான்தான். வண்டி தாமதமாக வந்தது. நைனா போய்விட்டார். போனை எடுத்த பெண்ணின் அலட்சியம்தான் காரணம் என்று வழக்குப் போட்டேன். அவள் வேலை போகவேண்டும் என்றே விரும்பினேன்.

சித்தூரில் என் வக்கீல் அந்த அழைப்பின் பதிவைப் போட்டார். முதலில் பெருமழைதான் கேட்டது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் என் குரல்: "சீக்கிரம் வாங்கம்மா, நைனா மூச்சு வுட முடியாம கீறாரு."

அந்தப் பெண் பொறுமையாகத் திரும்பத் திரும்ப ஊரைக் கேட்டாள். நான் சொன்ன ஊர்ப்பெயர் ஒவ்வொரு முறையும் மழையில் கரைந்தது. கடைசியில் தெலுங்கில், "அக்கட வான படுதோந்தா அம்மா?" என்றாள். அங்கே மழையா என்று.

"அன்னிக்கு மழையாம்மா?" என்றார் வக்கீலும்.

"இல்ல சார். தறி ஓடிக்கினு இருந்துச்சு."

பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் சத்தம். நிறுத்தவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது எனக்குக் கேட்டால்தானே?

வழக்கைத் திரும்பப் பெற்றேன். இப்போதெல்லாம் தறியைப் போட்டதும் மழை தொடங்கிவிடுகிறது. அதற்குள்ளிருந்து அவள் பொறுமையாக ஊரைக் கேட்கிறாள். தறியை நிறுத்திவிட்டு, ஊரைச் சொல்கிறேன்.